கப்பலுக்குப் போற பேரனுக்கு

எய்யா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. ராத்திரி பூரா 'லுக் அவுட், லுக் அவுட்'னு நீ சத்தம் போட்டுப் படிச்சதுல என் தூக்கம் போச்சு. அர்த்தம் கேட்டா 'வெளியே பாரு'ங்கே. நல்லாப் போ! மேல இருந்து இரும்புக் கொக்கி அத்துக்கிட்டு வரும்போது எவனாவது 'லுக் அவுட்!'னு கத்துவான். நீ கடலை வேடிக்கை பாத்துக்கிட்டு நிப்பே.

எதைப் பாக்கன்னு சொல்லாமக் கத்துறானேன்னு வெள்ளைக்காரனைக் கேலி பண்ணாதலே. ஒங்கம்மா தெனம் 'பாத்துப் போய்யா'ங்காளே, எதைப் பாக்கன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா? 'வாட்ச் அவுட்'டும் அதே கூப்பாடுதான். கைக்கடியாரத்தைக் கழத்தி வச்சிராத.

வால்ல ஒரு 'ஃபார்' ஒட்டிக்கிட்டா சமாச்சாரம் வேற. 'லுக் அவுட் ஃபார் த பைலட் போட்'னா, துறைமுகத்துக்குள்ள வழிகாட்ட வர்ற படகு தெரியுதான்னு பாத்துக்கிட்டே இரு. 'லுக் அவுட் ஃபார் யுவர் பிரதர்'னா தம்பியக் கவனிச்சுக்கோ. 'வாட்ச் அவுட் ஃபார் தட் மேன்'னு எவனாவது காதுல ஓதுனா, அந்த ஆளுகிட்ட அண்டாத. இதெல்லாம் கொழும்புத் தோணியில போன காலத்துல காதால கேட்டுப் படிச்ச இங்கிலீசு. மாத்திப் புரிஞ்சுக்கிட்டுக் களவாணிக்குச் சோறு போட்டிராத.

ஒரே சொல்லாச் சேத்து எழுதுனா அது உத்தியோகம்லே. கப்பல்ல மேல நின்னு காவல் பாக்கிறவன் பேரு லுக்அவுட். நான் கம்பங்காட்டுல பரண் மேல ஏறிக் குருவி வெரட்டுனதும் அதே வேலைதான், சம்பளம் ஒண்ணுதான் கெடையாது. டைட்டானிக்ல 1912 ஏப்ரல் 14 ராத்திரி 11.40க்கு பனிப்பாறையக் கண்டு மூணு தடவை மணியடிச்சது ஃபிரெடரிக் ஃபிளீட்ங்கிற லுக்அவுட். அவன் கையில தூரக்கண்ணாடி இல்ல. இருந்திருந்தா கொஞ்சம் முந்தியே பாத்திருப்பேன்னு பொறகு விசாரணையில சொன்னான். கப்பலுக்குள்ள நீச்சக்கொளம் கெட்டத் தெரிஞ்சிருக்கு பாத்துக்கோ!

ஒம் புஸ்தகத்தையும் பொரட்டிப் பாத்தேன். கப்பலுக மோதிக்கிடாம இருக்க 1972ல போட்ட சட்டத்துல அஞ்சாவது விதி: கண்ணாலயும் காதாலயும் எந்நேரமும் காவல் இருக்கணும். நீதான் காதுல எந்நேரமும் பாட்டை அடைச்சு வச்சிருக்கியே, பாதி வேலைய யாருலே பாப்பா?

பேப்பர்ல வர்ற லுக் அவுட் நோட்டீஸ் வேற சங்கதி. தேடுற ஆளு நாட்டை விட்டுத் தாண்டிராம விமான நிலையத்துல மறிக்கிறதுக்கு. பல நேரம் குருவி பறந்த பொறகுதான் இவுக பரண்ல ஏறுதாக.

கடைசியா ஒண்ணு. 'தட்ஸ் யுவர் லுக்அவுட்'னா 'அது ஒம்பாடு'. மொதச் சம்பளத்துல ஒங்கம்மாவுக்குப் பணம் அனுப்பு, எனக்கு வெத்தலைக்கு அனுப்பு. மறந்துட்டு ஊருக்கு வந்தியோ, வாசல்ல கெடக்குற நாயை நான் பிடிக்க மாட்டேன். அது ஒன் லுக்அவுட்டு.