முதல்ல ஒரு தட்டிவான் ஓடட்டும்

என்ன தம்பி, யாழ்ப்பாணத்தை முழுசாப் போனுக்குள்ள கொண்டுவரப் போறியாம்? பண்ணைப் பாலம், நல்லூர் வீதி, சங்குப்பிட்டி, காங்கேசன்துறை ஸ்ரேசன், ஒண்டும் மிச்சமில்லையாம். அந்த இந்தோனேசியா பஸ் கேமுக்கு மொட் செய்யிறியளாம். நல்லது. வாட்ஸ்அப் குறூப் துவங்கியாச்சு. லோகோ ரெடி. ஒருத்தன் டிசைனர், ஒருத்தன் மனேச்சர், ஒருத்தன் 'சீஃப்'. நெருப்புப் பறக்கிற தட்டிவான் ஒண்டைக் கீறி 'விரைவில்' எண்டு போஸ்ரரும் விட்டாச்சு. பஸ் எங்க மோனை?

கேட்டால் கோவிக்கப்படாது. 2017 இல வந்த கேம் அது. பஸ்ஸுக்குப் பெயின்ற் அடிக்க விடும், புது வாகனம் போட விடும். ஊரையே மாத்த விடுவினமோ எண்டு ஆரும் பாத்தனியளோ? ரெண்டு பரப்புக்கு இறைக்கிற கிணத்தை நம்பி இருபது பரப்புக்கு வெங்காயம் நட்ட ஆக்களை நான் கனக்கக் கண்டிட்டன்.

உன்ர கையில என்ன கிடக்கு? பின்னேரம் ரியூசன். ஞாயிறு கிரிக்கெற். மிஞ்சிறது கிழமைக்கு நாலு மணித்தியாலம். ஏ.எல். சோதனை கிட்டினால் உங்கட 'சீஃப்' போனைத் தாயிட்டைக் குடுத்திட்டுக் குந்தியிருப்பான். உதைக் கணக்குப் பாக்காமல் தை மாசம் வெளியீடு எண்டு திகதி போட்டது ஆர்?

வெள்ளைக்காரர் மட்டும் திறமோ? பிளக் மேசா எண்டொண்டு. ஹாஃப் லைஃப் கேமைத் திருப்பிச் செய்வமெண்டு 2005 இல துவங்கினவை. வெளிய வர 2012. அதிலயும் கடைசிப் பகுதி இல்லை. முழுசா முடிய 2020. துவங்கேக்க மீசை முளைக்காதவன் முடியேக்க தகப்பனாகியிருப்பான். அதே ஹாஃப் லைஃபை வைச்சு, கனடாவில படிச்சுக்கொண்டிருந்த மின் லீ எண்ட வியட்நாம் பெடியன் கூட்டாளியோட சேந்து 1999 இல கவுன்ரர் ஸ்ரைக்கை அரைகுறையா விட்டான். பேந்து திருத்தித் திருத்தி விட்டான். அடுத்த வருசம் கேம் செய்த வால்வ் கொம்பனியே அதை வாங்கி வித்துது. எனக்கெப்பிடித் தெரியும் எண்டு பாக்கிறியோ? பேரன் சொல்லேக்க காது குடுத்தனான். நீயும் குடுக்கலாம்.

ஊரை விடு. ஒரு தட்டிவான் செய். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடின, மரப்பலகை அடிச்ச பழைய செவர்லே. முதல்ல சில்லு சுத்தட்டும். மொடல் செய்யிற பிளெண்டரில ஆணி ஆணியா இழைச்சுக்கொண்டு கிடந்தால் அம்மான்ர பழைய போன் தாங்குமே? ஆணியைப் படமா ஒட்டு, போதும். ஓடுதெண்டால் நாலு பெடியளுக்குக் குடு, நொட்டை சொல்லட்டும். பேந்து ஹோர்ன். பேந்து மேல வாழைக்குலை. மற்றவன் செய்த மொடலை எடுத்தால் கேட்டு எடு, பேரையும் போடு. சனிக்கிழமையில பென்ட்றைவில ஒரு கொப்பி எடுத்து வை. 2022 இல கரண்ட் போன போக்கு மறந்து போச்சோ?

அதுசரி, பின்தட்டியைப் பிடிக்கிற சங்கிலி எங்க கொழுவிறது? தெரியாதோ? தெரியாமலோ போஸ்ரரில வான் கீறினனி? ஒருக்காக் கொடிகாமம் போய்ப் பாத்திட்டு வா. வரேக்க எனக்கு ஒரு துண்டு பினாட்டு.