ஒடச்சாதான் தெரியும்: தாம்பரம் வட்டாரத்துப் பாத்ரூம் பட்ஜெட் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் புனைகதை நலிந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் ஒருமுறை கிழக்குத் தாம்பரம் காம்ப் ரோடு பக்கம் வரவேண்டும். பாத்ரூமைப் புதுப்பிக்கப் போகிற ஏதாவது ஒரு வீட்டில் பட்ஜெட் நோட்டை வாங்கிப் படிக்கவேண்டும். அதில் கதாபாத்திரங்கள் உண்டு, திருப்பங்கள் உண்டு, எல்லாம் சுபமாக முடியும் என்ற நம்பிக்கையும் உண்டு. உண்மை மட்டும் இருக்காது. இந்த இலக்கிய வகையை முறையாக ஆராய யாரும் முன்வராததால் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதுவரை நடந்த ஆய்வெல்லாம் வாய்மொழி ஆய்வு. பெரும்பாலும் கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் இடையில் நடந்தது.

ஆய்வின் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே வண்டலூர், மேற்கே முடிச்சூர், கிழக்கே மேடவாக்கம். இதில் பெரும்பகுதியை அரசு 2021 நவம்பரில் ஒன்றாக்கியது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. பாத்ரூம் விஷயத்தில் இந்த ஒருமைப்பாடு அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது என்பது நமது முதல் கண்டுபிடிப்பு. எங்கு பார்த்தாலும் அதே போர் தண்ணீர், அதே உப்பு, குழாய் மூக்கில் அதே வெள்ளைப் படிவு. 1980-களிலும் 90-களிலும் மனை வாங்கிக் கட்டிய வீடுகளில் தரைக்கு மொசைக், சுவருக்கு நாலடி உயரம் வெள்ளை டைல்ஸ், மூலையில் துருப்பிடித்த ஜி.ஐ. பைப். புதுப்பிக்கும் எண்ணம் தோன்றும் காரணங்களிலும் பேதமில்லை. அப்பாவுக்கு மூட்டுவலி, அல்லது அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் பேத்தி வருகிறாள், அல்லது கீழ்வீட்டு மாமி படியேறி வந்து, "எங்க சீலிங்கைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்கிறார்.

வரலாற்றுப் பின்னணி இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை என்பதால் மொகஞ்சதாரோவுக்குப் போய் வருவோம். அங்குள்ள பெருங்குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நெருக்கி அடுக்கிய செங்கல், ஜிப்சம் சாந்து, கசியாமலிருக்க இயற்கைத் தார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிந்துவெளியில் வாட்டர்புரூஃபிங்குக்குத் தனியாகக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள். சிட்லபாக்கத்தில் இன்னும் ஒதுக்குவதில்லை. அந்தக் குளத்தின் எஸ்டிமேட் மட்டும் அகழாய்வில் கிடைக்கவில்லை என்பார்கள். கிடைத்துவிட்டது, நாம்தான் கவனிக்கவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. சிந்துவெளி எழுத்துப் பொறிப்புகளில் சராசரியாக ஐந்து குறிகள்தான் இருக்கின்றன. சிலவற்றில் வரிசையாகக் கோடுகள். அவை எண்களாக இருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பார்ப்போலாவும் பல பத்தாண்டுகள் உழைத்தும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாசிப்பு கிட்டவில்லை. டைல்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் மேஸ்திரி எழுதித் தரும் கொட்டேஷனும் அச்சு அசல் இப்படித்தான்: ஐந்து குறி, சில கோடு, கீழே ஒரு சுழி. அவர் தெருமுனை தாண்டியபின் உலகில் யாராலும் அதைப் படிக்க முடியாது. சிந்துவெளி எழுத்தைப் படித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழக முதல்வர் 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறார். அதை மனதில் வைத்து இக்கருதுகோளை முன்வைக்கவில்லை. கொடுத்தால் மறுக்கவும் மாட்டோம். மாடி பாத்ரூம் பாக்கியிருக்கிறது.

இனி மூலக்கோட்பாடு. இத்துறையின் அனைத்துப் பள்ளிகளும் ஏற்கும் ஒரே சூத்திரம், "ஒடச்சாதான் சார் தெரியும்" என்பது. சுவருக்குள் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஒடச்சாதான் தெரியும். தரைக்கு அடியில் என்ன போட்டு நிரப்பியிருக்கிறார்கள்? ஒடச்சாதான் தெரியும். எவ்வளவு ஆகும்? அதற்கு மட்டும் உடைக்காமலே பதில் வந்துவிடும்: "ஒரு எண்பதுக்குள்ள முடிச்சிடலாம் சார்." இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பலர் குழம்புகிறார்கள். அதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. உங்களைச் சுவரை உடைக்கச் சம்மதிக்க வைக்கும் அளவுக்குச் சிறியதாகவும், நம்பும் அளவுக்குப் பெரியதாகவும் இருந்தால் போதும். முதல் சுத்தியல் விழும்வரை விலை பேசுகிறவர் வீட்டுக்காரர். விழுந்தபின் விலை சொல்கிறவர் மேஸ்திரி. உடைந்த பாத்ரூமை வைத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு, வேறு மேஸ்திரிகளிடம் மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டவர் இந்த எல்லைக்குள் இதுவரை யாருமில்லை.

மேஸ்திரிமீது பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மேலைநாட்டிலும் இதே கதைதான். சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்கர்களை 2002-ல் கேட்டதில், சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று நினைத்தவர்களுக்கு 38,769 டாலர் ஆகியிருக்கிறது. டேனியல் கானமன் தமது நூலில் இதை எடுத்துக்காட்டி, திட்டமிடுகிற மனிதனின் மனக்கோளாறு என்று விளக்குகிறார். அவருக்குப் பொருளாதாரத்தில் நோபல் பரிசு கிடைத்தது. "சொன்னதுக்கு ரெண்டு மடங்கு எடுத்து வெச்சுக்கோடா" என்று அதையே ஒரு வரியில் சொன்ன செலையூர்ப் பாட்டிக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை.

ஆனாலும் நம்மூர்க் கோளாறு முழுவதும் மனத்தில் இல்லை. பாதி கணக்கில் இருக்கிறது. ஏழுக்கு ஐந்து பாத்ரூம், 35 சதுரடி. வீட்டுக்காரர் கடையில் டைல்ஸ் விலையைக் கேட்டதும் மனசுக்குள் 35-ஆல் பெருக்கிப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். சுவரும் இருக்கிறது. நாலு சுவரின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 168 சதுரடி. கதவுக்குப் பதினேழு போனாலும் 150 நிற்கும். தரையைச் சேர்த்தால் 185. வெட்டிலும் உடைசலிலும் பத்து சதவீதம் என்றால் 200-ஐத் தாண்டும். 35 என்று நினைத்துக் கடைக்குள் போனவர் 200-க்குப் பில் வாங்கி வெளியே வருகிறார். அதன் தலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சிமென்ட் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 ஆகக் குறைந்ததே என்று ஆறுதல் தேடுகிறவர்கள் உண்டு. சில மூட்டை சிமென்ட் வேலையில் மிச்சமாகும் அந்தக் காசு, நாலு நாள் டீ, வடைக்குச் சரியாக இருக்கும்.

அடுத்து களப்பணி. இடம்: சானிட்டரி கடை. கமோடைத் தட்டிப் பார்த்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, விலையும் படிந்தபின் கடைப்பையன் கேட்கிறான்: "எஸ் டிராப்பா, பி டிராப்பா சார்? சுவத்துலேர்ந்து எத்தனை இன்ச்?" தன் சிபில் ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் வாயடைத்து நிற்கிறார். வீட்டுக்குப் போன் போகிறது. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலோடு மனைவி பாத்ரூமுக்குள் நுழைகிறார். "எதுலேர்ந்து எது வரைக்கும்ங்க அளக்கணும்?" பையன் சொல்லச் சொல்ல இவர் திருப்பிச் சொல்கிறார்: சுவரிலிருந்து ஓட்டையின் நடுவரைக்கும். "ஒன்பதே முக்கால் வருது." கடையில் இருப்பது ஒன்பது, பன்னிரண்டு. டைல்ஸும் சாந்தும் ஏறினால் சுவரே முக்கால் இன்ச்சாவது முன்னே வரும் என்பதை அந்த நேரத்தில் யாராவது சொன்னால் ஒன்பதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். பையன் சொல்லமாட்டான், பன்னிரண்டில்தான் பளபளப்பான மாடல் இருக்கிறது. பன்னிரண்டு வீட்டுக்கு வந்தபிறகு அந்த மூன்று இன்ச்சுக்காகத் தரையை மறுபடி கொத்தி, பைப்பைத் திருப்பி, பூசவேண்டும். பட்ஜெட் நோட்டில் இதற்குத் தலைப்பு கிடையாது. "இதர செலவு" என்று இருக்கும். அந்த வரி கடைசியில் மற்ற எல்லா வரியையும் விழுங்கியிருக்கும்.

வாட்டர்புரூஃபிங் பற்றி இரண்டு வார்த்தை, ஏனெனில் வீடுகளிலும் அதைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசுகிறார்கள். நார்த்கோட் பார்க்கின்சன் 1957-ல் வந்த நூலில் ஒரு கமிட்டியை வர்ணிக்கிறார். கோடிக்கணக்கில் செலவாகும் அணு உலையை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது அது. அவர் குரோம்பேட்டைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் உதாரணத்தை மாற்றியிருப்பார். "வாட்டர்புரூஃபிங்?" "மேஸ்திரி பாத்துப்பார்." தீர்மானம் நிறைவேறியது. பிறகு சுவரின் நடுவில் ஒட்டும் ஹைலைட்டர் டைல்ஸ் அவைக்கு வருகிறது. டால்பினா, தாமரையா? "தாமரை வேண்டாம்டா, அது மகாலட்சுமி. பாத்ரூம்லயா ஒட்டுவாங்க?" என்கிறார் அம்மா. டால்பின் சின்னப்பிள்ளைத்தனம் என்கிறாள் பேத்தி, வீடியோ காலில். இரவு பத்து மணிக்கு ஓர் இடைக்காலச் சமரசமாகக் கூழாங்கல் ஜெயிக்கிறது. ஃபிளாட்டில் ஓரடி பள்ளமாக விட்ட சங்கன் ஸ்லாபில் பூச்சு அடித்து, ட்ராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்து, கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்தபின் டைல்ஸ் ஒட்டவேண்டும். அந்த இரண்டு நாள் கூலி இல்லாத நாள் என்பதால் மேஸ்திரிக்குப் பிடிக்காது. வேறு பாத்ரூம் இல்லை என்பதால் வீட்டுக்காரருக்கும் பிடிக்காது. இரு தரப்பும் முழு மனதோடு ஒத்துப்போகும் ஒரே முடிவு, அந்தச் சோதனையை விட்டுவிடுவது.

இலக்கண மரபில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பார்கள். ஐந்து திணையும் ஒரே 35 சதுரடியில் அமைவது தமிழில் இங்கு மட்டும்தான். மேஸ்திரியோடு முதல் சந்திப்பு குறிஞ்சி. அட்வான்ஸ் கையைவிட்டுப் போவது பாலை. டைல்ஸ் நிறத்தில் கணவன் மனைவி ஊடல் மருதம். முல்லைக்குரிய காத்திருத்தலைப் பிளம்பர் கவனித்துக்கொள்கிறார். அவர் நல்லவர்தான், ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர், இந்தியா முழுக்கப் பிளம்பர்களை அனுப்பும் ஊர். ஆனால் ஒரே நாளில் ராஜகீழ்ப்பாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் பம்மலிலும் அவரை மூன்று தலைவிகள் எதிர்பார்த்திருக்கிறார்கள். நெய்தலின் இரங்கலுக்குத் தண்ணீரே சாட்சி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நம் போர் தண்ணீரின் உவர்ப்பைப் புது ரெயின் ஷவர் சில மாதங்களில் உணர்ந்துவிடும். நூறு துளைகளில் இருபதில் மட்டும் தண்ணீர் வரும், அதுவும் பக்கவாட்டில்.

நிறைய பேர் எழுத மறக்கும் ஒரு செலவு இருக்கிறது. அதில் சிரிப்பதற்கு அதிகமில்லை. உடைத்ததை எங்கே கொட்டுவது? பழைய டைல்ஸ், பூச்சு, சங்கன் ஸ்லாபில் நிரப்பிய செங்கல் ஜல்லி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர். எடை இரண்டரை டன், அதாவது 50 சிமென்ட் மூட்டைக்குச் சமம். குட்டியானை வண்டி முறைப்படி சுமப்பது சுமார் முக்கால் டன். மூன்று நடை போதாது. கட்டடக் கழிவுக்கு அதை உண்டாக்கியவரே பொறுப்பு என்று 2016-லேயே மத்திய அரசு விதி போட்டது. ஆனால், "ரப்பிஷ நான் எடுத்துடறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒருவர் பாதி விலை சொல்வார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும். சாயங்காலம் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். நாலடி உயரத்துக்கு ஒட்டியிருந்த அதே வெள்ளை டைல்ஸ், உடைந்து, புல்லுக்குள் கிடக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து படகில் ஆட்களை ஏற்றியபோது, ஏரியும் ஓடையும் ஏன் இவ்வளவு ஒடுங்கிவிட்டன என்று எல்லோரும் கேட்டோம். நம் பாத்ரூமுக்கும் அதில் ஒரு கைப்பிடி பங்கு உண்டு. அந்தப் பாதி விலையில் மிச்சமான பாதியைக் கட்டியது ஏரி.

ஆகவே இக்கட்டுரை பரிந்துரைப்பது தலைகீழ் பட்ஜெட். டைல்ஸ் கடைக்குக் கடைசியில் போங்கள். முதலில் கழிவு எடுப்பதற்கான காசு, அதுவும் எங்கே கொட்டுவார் என்று கேட்டு. அடுத்தது பூச்சும் இரண்டு நாள் காத்திருப்பும், பிறகு பைப், வால்வ், ட்ராப், பிறகு கூலி. இதையெல்லாம் ஒதுக்கியபின் மீதி எவ்வளவோ அதுதான் டைல்ஸ் பட்ஜெட். மச்சான் ஒருவர் வந்து, "நாங்க நாப்பதாயிரத்துல முடிச்சோம்" என்பார். அவர் வீட்டுக் கீழ்வீட்டுக்காரரைச் சந்திக்காமல் அந்த எண்ணை எந்த ஆய்விலும் சேர்க்கக் கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் மீந்த டைல்ஸ் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்காதீர்கள்; பரணில் ஏற்றிவையுங்கள். பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் பேட்ச் நம்பரைக் கிழிக்காமல் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு டைல்ஸ் விரிசல் விடும். அந்த டிசைன் அப்போது எந்தக் கடையிலும் இருக்காது.