எந்த 737?

கேள்வி: விமானிகள் லாக்புக்கில் 'போயிங் 737' என்று மட்டும் எழுதினால் போதாதா?

பதில்: கல்யாண வீட்டில் 'மாமா' என்று கூப்பிட்ட கதைதான். பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்! 1967-ல் முதலில் பறந்த 737-ம் இன்றைய மேக்ஸும் ஒரே பெயரில்தான் திரிகின்றன. அதற்காகத்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு நான்கெழுத்துக்குள் குறியீடு வைத்திருக்கிறது: 737-800 என்றால் பி738, மேக்ஸ் 8 என்றால் பி38எம், ஏ320 நியோ என்றால் ஏ20என். டிக்கெட், கால அட்டவணைக்காரர்களின் மூன்றெழுத்துக் குறியீடு வேறு. அதே மேக்ஸ் 8 அங்கே 7எம்8! இரண்டையும் ஒரே பத்தியில் கலந்தால், மணிக்கணக்கைக் கூட்டும்போது தரையிலேயே தலை சுற்றும்.

ஏ318 முதல் ஏ321 வரை எல்லாவற்றுக்கும் ஒரே டைப் ரேட்டிங்தானே என்பீர்கள். உரிமத்துக்குச் சரி. லாக்புக்கில் பிரித்தே எழுதுங்கள். பிரித்ததைக் கூட்டுவது ஐந்து நிமிட வேலை. கூட்டி எழுதியதை வேறு கம்பெனி இன்டர்வியூவுக்காகப் பிரிக்க வேண்டுமானால் நாடி ஜோசியரிடம்தான் போக வேண்டும்.

பதிவெண்ணையும் விடாதீர்கள். வகையைத் தப்பாக எழுதியிருந்தாலும், பதிவெண்ணை வைத்து எந்த விமானம் என்று பிடித்துவிடலாம். சிலர் 'கேப்டன்' கட்டத்தை மட்டும் கொட்டை எழுத்தில் நிரப்புகிறார்கள். அந்தப் பெருமைக்குக் குறியீடு எதுவும் கிடையாது.