பஞ்சரும் பஞ்சர் நிமித்தமும்

யானைக்கும் குதிரைக்கும் சாத்திரம் எழுதிவைத்த நாடு இது. பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் தனிப் பக்கமே ஒதுக்குகிறது. சைக்கிள் டயருக்கு மட்டும் ஒரு நூற்பாகூடக் கிடையாது. அக்குறை நீங்கும்பொருட்டு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30 கிலோமீட்டர்ச் சாலையைக் களமாகவும், விலை குறைந்த பயிற்சி டயரைப் பொருளாகவும் கொண்டு இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதி நல்கை கோரி வீட்டில் விண்ணப்பிக்கப்பட்டது. விண்ணப்பம் முதல் சுற்றிலேயே நிராகரிக்கப்பட்டது.

பயிற்சி டயராவது யாது? பந்தயத்துக்கு ஆகாது, பந்தயத்துக்காக உடம்பைத் தேற்றும் நாட்களில் தேய்ந்து தீர்வதற்கென்றே பிறந்தது. விட்டோரியா சஃபீரோ, கான்டினென்டல் அல்ட்ரா ஸ்போர்ட், ஷ்வால்பே லுகானோ முதலியன இக்குலத்தில் வருவன. பந்தய டயரின் உள்துணி நுண்ணிய இழைகளால் ஆனது. அங்குலத்துக்கு 120 இழையைத் தாண்டும். பயிற்சி டயரில் இழை குறைவு, தடிப்பு அதிகம். நுண்ணிழை டயர் சாலைக்கு வளைந்துகொடுத்து ஓடும். தடித்த இழை டயர் முரண்டு பிடிக்கும், ஆனால் லேசில் கிழியாது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியபோது அவருக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்திருக்காது. அங்கே சீமைக்கருவேலம் இல்லை.

ஆய்வாளர் எதிர்கொள்ளும் முதல் இடர் அளவில் இருக்கிறது. கடையில் போய் "28 டயர் குடுங்கண்ணே" என்றால், பால்காரர் வண்டிக்குப் போடும் 28க்கு ஒன்றரை டயரை எடுத்து வைப்பார். நம் பந்தய வண்டியின் 700சி டயரையும் 28 அங்குலம் என்றே சொல்வது வழக்கம். ஆனால் பால்காரர் வண்டி ரிம்மில் டயர் அமரும் வட்டத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், நம்முடையதில் 622. இந்த 13 மில்லிமீட்டரில் பல நட்புகள் முறிந்திருக்கின்றன. "நீங்க 28 தானே கேட்டீங்க, 28 தானே குடுத்தேன்" என்கிற கடைக்காரரின் வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. டயரின் பக்கவாட்டில் 622 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

இனி திணைக்கு வருவோம். எதை ஆராய்ந்தாலும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் மூன்றையும் சொல்லாவிட்டால் தமிழாய்வு ஆகாது.

முதற்பொருளாகிய நிலம் பற்றி. திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் சேர்ந்தது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. சொலுசன் காயும் முன்னே அவசரமாக ஒட்டிய பேட்ச் இப்படித்தான் நடந்துகொள்ளும். நிலத்தின் மேற்பரப்பு வரலாறு இவ்வளவே. அடிப்பரப்பு வரலாறு நீளமானது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலடியில் கிடந்தது. அக்கடலின் சிப்பிகள் செறிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை கல்லங்குறிச்சிப் பக்கம் இன்றும் வெட்டியெடுக்கப்படுகிறது. இவ்வட்டாரப் பாறைகளை 1860களில் பிளான்ஃபோர்டு என்பார் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தச் சுண்ணாம்புக்கல்லால் சிமெண்ட் ஆலைகள் வந்தன. ஆலைகளால் லாரிகள் வந்தன. லாரிகளால் சைக்கிள்காரர் சாலையின் கடைசி ஒரு முழத்துக்கு ஒதுக்கப்பட்டார். லாரி சிந்துவதெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் வந்து சேர்கிறது. ஆக, அரியலூர்ப் பஞ்சரின் மூலகாரணத்தைத் தேடிப்போனால் கிரெட்டேசியக் கடலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஆய்வு நேர்மை கருதி ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டின் கடினம் மோஸ் அளவையில் 3 மட்டுமே, கண்ணாடியினுடையது ஐந்தரை. எனவே டயரை அறுத்த குற்றத்தில் சிப்பியைவிட, சாலையோரம் உடைந்து கிடக்கும் பாட்டிலுக்கே பங்கு அதிகம். கல் வேறு வழியில் கொல்லும். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் ஏறும்போது டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். ஒற்றைத் துளை என்றால் பழி முள்ளின்மேல் அல்லது கம்பியின்மேல். இரட்டைத் துளை என்றால் உங்கள் சோம்பல்மேல். பஞ்சர் கடை அண்ணன் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழியைப் பார்த்த மாத்திரத்தில் இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். முனைவர் பட்டம் அவருக்கு இன்னும் வழங்கப்படவில்லை.

கருப்பொருளில் தலையாயது முள். நெருஞ்சி நம் பழைய முள், குட்டையானது, தடித்த டயரின் ரப்பரிலேயே சில வேளை நின்றுவிடும். 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த சீமைக்கருவேலத்தின் முள்ளுக்கு அந்த அடக்கம் இல்லை. வெட்டிய விறகை வண்டியில் ஏற்றிப் போன மறுநாள் அந்தச் சாலையில் சைக்கிள் பயிற்சிக்குப் போகாதிருப்பது நலம். அடுத்தது கம்பி. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் பெரிய டயர் ஆலை இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. டயருக்குப் பேர்போன மண்ணில் சைக்கிள் டயரைக் கொல்வதும் டயர்தான் என்பது இவ்வாய்வின் அரிய கண்டுபிடிப்பு. எங்கோ பிறந்த லாரி டயர் நெடுஞ்சாலையில் வெடித்துச் சிதறினால், அதன் உள்ளிருக்கும் எஃகு நூல் சாலையோரத்தில் உதிர்ந்து கிடக்கும். மயிரிழைபோல மெல்லியது, கண்ணுக்குப் படாது. முள்ளையாவது முள்ளால் எடுக்கலாம். இதை எடுக்கக் குறடு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இவை இன்னும் கொடியவை. நனைந்த ரப்பர் சுலபமாக அறுபடும். சேறு கூர்மையை மறைத்துவிடும்.

வெயில் பற்றி ஊரில் ஒரு கொள்கை உண்டு. வண்டியை வெயிலில் நிறுத்தினால் காற்று பொங்கி டயர் வெடிக்கும் என்பது அது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நிழலில் 30 டிகிரி சூட்டில் 80 பிஎஸ்ஐ காற்று இருந்து, டயர் 60 டிகிரிக்குக் காய்ந்தால், அழுத்தம் 89ஐ ஒட்டி உயரும். நல்ல டயர் இதைத் தாங்கும். வெடிப்பது ஏற்கெனவே பக்கவாட்டில் கிழிந்து, உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓட்டப்படும் டயர். பழி மட்டும் சூரியன்மேல்.

உரிப்பொருள் தலைப்பிலேயே சொல்லப்பட்டது.

புது டயரை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதில் வடகலை தென்கலை அளவுக்குப் பிணக்கு உண்டு. எடையில் பெரும்பங்கும் மிதிக்கும் விசையும் பின்சக்கரத்தில்தான்; அது முன்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் தேயும். ஆகவே புதியதைப் பின்னால் போடு என்பர் ஒரு சாரார். பின்டயர் வெடித்தால் வண்டி ஆடும். முன்டயர் வெடித்தால் ஆள் விழுவார் என்பர் மறுசாரார். இவ்வாய்வாளர் பற்களின் மீது பற்றுள்ளவர், மறுசாராரையே ஆதரிக்கிறார். தேய்ந்த பின்டயரைக் கழற்றி, முன்னதைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுவதே முறை.

விலை உயர்ந்த டயர் வாங்கினால் என்ன லாபம்? ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், உருளும் தடைக்கெழுவில் 0.002 குறைவு என்று வைத்துக்கொண்டால் மிச்சமாவது சுமார் 13 வாட். பந்தயத்தில் அது பெரிய தொகை. பயிற்சியில், ஆடிக் காற்று அரியலூர் போகும்போது முதுகில் தள்ளிவிட்டு, திரும்பும்போது குன்னத்துக்கு அருகில் வட்டியோடு வசூலித்துவிடும். தவிர, தேய்ந்து மட்டுமே சாவதானால் பயிற்சி டயர் பின்சக்கரத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் வரும். இந்தச் சாலையில் டயர்கள் முதுமையில் இறப்பதில்லை. பெரும்பாலானவை விபத்தில் இறக்கின்றன. எஃகு நூலுக்கு ஆயிரம் ரூபாய் டயரும் ஐயாயிரம் ரூபாய் டயரும் ஒன்றே. இந்தச் சமத்துவம் வேறெங்கும் கிட்டாது.

எனவே தீர்ப்பு: பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் மலிவான பயிற்சி டயரையே வாங்குக, வண்டியில் இடமிருந்தால் 28 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குக, மிச்சமான பணத்தில் அளவுமானி வைத்த பம்பு ஒன்று வாங்கி, கிளம்புமுன் காற்றைப் பார்க்க. டியூப் மாற்றும்போது டயரின் உள்சுவரை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். போன பஞ்சரின் முள் பெரும்பாலும் அங்கேயே காத்திருக்கும். எடுத்த முள்ளைச் சாலையில் எறியாதீர்கள். பின்னால் இன்னொருவர் வந்துகொண்டிருக்கிறார்.