பயப்படுவதற்குச் சம்பளம்

தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், ஏரியே தீப்பிடித்து எரிந்த புகழுடைய பெல்லந்தூரில் குடியிருக்கிறார். அவர் மாடியில் நான்கு ஃபிளாட்டுகள். மூன்றில் விரலை வைத்தால் திறக்கும் ஸ்மார்ட் பூட்டு. நண்பர் வீட்டுக் கதவில் மட்டும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டு என்று யார் வந்தாலும் சொல்லிவிட்டுத்தான் திறப்பார். “இதுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வராது. சார்ஜ் தீராது. திருடணும்னா திருடன் நேர்ல வந்தாகணும்” என்பது அவர் கட்சி. சர்வீஸ் ரோட்டில் மாலை ஏழு மணிக்கு நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், நேரில் வருவது திருடனுக்கும் அவ்வளவு சுலபமில்லை.

அவர் வீட்டு டி.வி. இணையத்தோடு சேராது. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனம், 1.1 கோடி டி.வி.களில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று நொடிக்கு நொடி குறித்து வைத்து விற்றதற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்டியது. அதை அவர் மறக்கவில்லை. தரை பெருக்கும் ரோபோ வாங்கலாமா என்று மனைவி கேட்டபோதும் ஒரு கதை தயாராக இருந்தது. ரூம்பா ரோபோவின் சோதனை மாதிரிகள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றை வகைப்படுத்தும் வேலையிலிருந்த வெனிசுவேலா ஆட்கள் வழியாகச் சமூக வலைத்தளக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கழிவறையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. “நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவும் எல்லாத்தையும் பார்க்கறாங்க. ஆனா அவங்க சொல்றது மூணாவது மாடியோட நின்னுடும். வெனிசுவேலா வரைக்கும் போகாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்த ரகத்து ஆட்கள்தான் (நானும் அதே ரகம்) பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து உலகத்தின் ரகசியங்களைக் காவல் காக்கிறோம். என் அலுவலகத்தில் முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது பண்பு அல்ல, விதிமீறல். லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்காது, ஐந்து நிமிடம் கழித்து ஒரு போன் மட்டும் வரும். நம்மைச் சோதிப்பதற்காக நிர்வாகமே போலி மெயில் அனுப்பும். ‘தீபாவளி போனஸ் விவரம் இணைப்பில் காண்க’ என்று வந்ததைத் தட்டியவர்களையெல்லாம் ஒரு மணி நேர வகுப்பில் உட்கார வைத்தார்கள். அடுத்த மாதம் உண்மையான போனஸ் கடிதம் வந்தபோது ஒருவரும் திறக்கவில்லை. மனிதவளத் துறைப் பெண் ஒவ்வொரு மேஜையாக வந்து, “நிஜமாவே பணம்தாங்க” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும் என்பது எங்கள் பெருவிதி. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி மாதிரி ஏதாவது ஒன்று. ஊழியர்கள் பிள்ளை பெயரோடு மாதத்தைச் சேர்த்து, கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போட்டுக் கடமையை முடிப்பார்கள். 2003-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக இந்த மாதிரி யோசனைகளை எழுதியவர் பில் பர். ஓய்வுபெற்ற பிறகு, 2017-இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் சொன்னார். அந்த நிறுவனமும் அதே ஆண்டு, காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. எழுதியவரே கைகழுவிய விதியை எங்கள் அலுவலகம் இன்னும் காப்பாற்றி வருகிறது. மதுவிலக்குச் சட்டம்கூட இவ்வளவு விசுவாசத்தைப் பார்த்ததில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற காவல் மென்பொருளே, ஒரு பிழையான அப்டேட்டால், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. காவல்காரரே வாசலை அடைத்துக்கொண்டு மயங்கி விழுந்த கதை. நம் விமான நிலையங்களில் பால்பாயிண்ட் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். நண்பர் அந்தப் படங்களைப் பார்த்து, “நல்ல கையெழுத்து” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சரி, இந்தக் கோட்டையிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஜெராக்ஸ் கடை.

கடைச் சுவரில் ஒரு வாட்ஸ்அப் நம்பர், ரேஷன் கடை போர்டு அளவுக்குப் பெரிய எழுத்தில். ஆதார் பி.டி.எஃப்.பை அந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும். கடைப் பையன் திறப்பான். பாஸ்வேர்டு கேட்கும். இணையத்தில் இறக்கும் ஆதாருக்குப் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். இது ரகசியமில்லை, ஆதார் ஆணையமே சொல்லி வைத்திருப்பது. வரிசையில் பத்துப் பேர் நிற்க, பகலில் வாடிக்கையாளர் தகவலுக்கு மூன்றடுக்குப் பூட்டுப் போடும் சீனியர் ஆர்க்கிடெக்ட் ஒருவர் எக்கி நின்று, “ஆர், ஏ, ஜே, இ, ஒன் நைன் எயிட் எயிட்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அனுபவப்பட்ட பையன் பாஸ்வேர்டு கேட்பதையே விட்டுவிட்டான். “பேர் என்ன சார், எந்த வருஷம் பொறந்தீங்க” என்று ஜாதகம் கணிப்பவன் தோரணையில் கேட்டுத் தானே திறந்துவிடுகிறான். அவன் கணினித் திரையில் ஏதோ அருவிப் படம் வைத்திருக்கிறான். ஆனால் அருவி தெரியாது, அத்தனை பி.டி.எஃப். 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனதே, அந்தக் கணினியைக் கேட்டிருந்தால் எங்கள் வார்டையாவது ஒரு மதியத்தில் முடித்திருக்கலாம்.

அரசாங்கம் இதைக் கவனிக்கவே இல்லை என்று பழி சொல்ல முடியாது. இரண்டு நாள் கவனித்தது. 2022 மே 27, வெள்ளிக்கிழமை, ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் (ஆம், நம் ஊர் அலுவலகம்தான்) ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க் ஆதாரைக் கொடுங்கள். ஹோட்டல்களும் சினிமா தியேட்டர்களும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இன்டர்நெட் சென்டர் கணினியில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிட்டு வாருங்கள். எங்கள் துறையில் பல வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தி வந்ததை ஒரே பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். நாடே திடுக்கிட்டது, ஏனென்றால் அதற்குள் நாட்டில் ஆதார் நகல் இல்லாத பீரோவே இல்லை. 29-ஆம் தேதி மத்திய அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தவறாகப் பொருள் கொள்ளப்படலாமாம். மக்கள் ஆதாரைப் பகிரும்போது வழக்கமான விவேகத்தோடு நடந்துகொண்டால் போதுமாம். 29 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று அரசுத் துறை ஒன்று இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததே அந்தக் குறிப்பு எவ்வளவு சரியானது என்பதற்குச் சான்று என்பேன்.

அதற்கு நான்கு வருஷம் முன்பு உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்று வாதாடினார். இருக்கும். ஜெராக்ஸ் கடைக்கும் சுவர் உண்டு, அதில்தான் வாட்ஸ்அப் நம்பர் எழுதியிருக்கிறது. அதே 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குக் கெடுதல் செய்து பாருங்கள் என்று சவால் விட்டார். போன் நம்பர், முகவரி என்று ஒவ்வொன்றாகத் தோண்டிப் போட்டார்கள். ஒருவர் அவர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் செலுத்திக் காட்டினார். எதுவும் ஆதார் கிடங்கிலிருந்து போகவில்லை, எல்லாம் பொதுவெளியில் இருந்ததுதான் என்றது ஆணையம். என் பயமும் அதேதான்.

ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்க 16 இலக்க மெய்நிகர் எண் ஒன்றையும் அந்த வருஷம் கொண்டுவந்தார்கள். அருமையான ஏற்பாடு. வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரு கவுண்டரில் அதை நீட்டினேன். அந்த அம்மா பதினாறையும் எண்ணிப் பார்த்துவிட்டு, “டெபிட் கார்டு நம்பரையெல்லாம் இப்படி வெளியில சொல்லாதீங்க சார்” என்று அக்கறையோடு திருப்பிக் கொடுத்தார். இந்த ஊரில் என் தகவலைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே கவுண்டர் அதுதான்.

எண் போனால் போகட்டும், விரல்? 2023-இல் கர்நாடகப் பத்திரப்பதிவுத் துறையின் காவேரி தளத்திலிருந்து எடுத்த பத்திரங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதி செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் வங்கிக் கணக்குகளைக் காலி செய்ததாக பெங்களூரில் புகார்கள் வந்தன. அந்த முறைக்கு ஓ.டி.பி. வேண்டாம், ரேகை போதும். வீடு வாங்கி, இனி வாடகை இல்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தவருக்கு, வீடு வாங்கியதாலேயே பணம் போயிற்று. மூன்று மாதத்துக்கொரு முறை கட்டைவிரலை மாற்றச் சொல்லி எந்த ஐ.டி. டீமும் மெயில் அனுப்ப முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்குக்கு எங்கள் ஊர்க்காரர் பெயர்தான். கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் வழக்குப் போடும்போது வயது 86. அந்த வயதில் பெரும்பாலோர் வாழ்நாள் சான்றிதழ் கொடுப்பதற்கு மட்டுமே வீட்டை விட்டு இறங்குவார்கள். தீர்ப்பின் வழியில் 2023-இல் சட்டமும் வந்தது, 250 கோடி ரூபாய் வரை அபராதத்தோடு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் நாம் கேட்கும் மொழியில் தர வேண்டுமாம். இதுவரை ஆங்கிலத்தில் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினோம். இனித் தமிழிலும் படிக்காமல் அழுத்தலாம்.

போன தடவை வீடு மாறியபோது ஜே.பி. நகரில் ஒரு மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் பழைய பெங்களூர்க்காரர், கன்னடம் தாய்மொழி, எங்களோடு நல்ல தமிழ். திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் வந்திருந்தார். நான் மாஸ்க் ஆதாரை எடுத்து நீட்டினேன். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“முழு நம்பர் எங்கப்பா?”

“கடைசி நாலு நம்பர் இருக்கு சார். அதுவே செல்லும்.”

“மீதி எட்டு?”

“பாதுகாப்புக்காக மறைச்சிருக்கு.”

“யார்கிட்டேர்ந்து?”

இதற்கு மரியாதையான பதில் கிடையாது. ஆணையத்தின் இணையதளத்தைப் போனில் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. “பத்து மாச அட்வான்ஸை என்னை நம்பிக் குடுக்கறே. எட்டு நம்பர் குடுக்க மாட்டியா?” என்றார். பதினைந்து வருஷ அனுபவத்தில் எந்த ஆடிட்டரும் என்னை இப்படி மடக்கியதில்லை.

அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசவே இல்லை. தன் பையிலிருந்து என் முழு ஆதாரின் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்தார் (அது அவரிடம் எப்படி இருக்கிறது என்பது தனி விசாரணை). சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறுக்கே இரண்டு சாய்கோடு போட்டார். நடுவில், நம்பரின் மேலேயே, ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று தடித்த ஆங்கில எழுத்தில் எழுதினார். தேதி போட்டார். “கையெழுத்துப் போடுடே” என்று என் பக்கம் தள்ளினார். எட்டு இலக்கம் என்ன, இப்போது பன்னிரண்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இதுதான் முறை. சார் எந்த டிபார்ட்மெண்ட்?”

“போஸ்டல்.”

“அதானே பார்த்தேன்.”

உடனே அதை மேஜையில் வைத்துப் போனில் படம் எடுத்தார், ஒன்றுக்கு இரண்டாக. எதற்கு சார் என்றேன். சியாட்டிலில் இருக்கும் மகனுக்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, ரெக்கார்டுக்கு இருக்கட்டும் என்றார். சியாட்டிலில் அப்போது நடுராத்திரி. ஆனாலும் பதில் ஒரே நிமிடத்தில் வந்தது. எங்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்: “அப்பா, ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? உடனே அழிங்க. அவங்ககிட்ட மாஸ்க் போட்ட ஆதார் கேளுங்க.”

அப்பா என்னைப் பார்க்காமல் அவரைக் கேட்டார். “தம்பி அங்க என்ன வேலை பார்க்காப்ல சார்?”

“ஏதோ டேட்டா செக்யூரிட்டியாம். பயப்படறதுக்குச் சம்பளம் தர்றாங்க” என்று சொல்லி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், சம்ப் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த மறக்கக் கூடாது என்று விளக்க ஆரம்பித்தார்.