அப்பத்தாவுக்கு ஒரு குப்பைக் கடிதம்

சிவமயம்

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பேத்தி எழுதுவது. நானும் இவுகளும் நலம். "அந்த ஊர்ல வேலைக்கு ஆளே கிடைக்காதாமே, குப்பைய யாரு அள்றா?" என்று போனில் கேட்டீர்கள். அள்ள ஆள் வருகிறார். ஆனால் அவர் அள்ளும் தகுதிக்குக் குப்பையைத் தயார் செய்வது நம் வேலை.

கட்டடத்துக்குப் பின்னால் நான்கு தொட்டிகள். காகிதத்துக்கு ஒன்று. காய்த்தோலுக்குப் பழுப்பு. பிளாஸ்டிக், தகர டப்பா எல்லாம் மஞ்சளில். எதிலும் சேராத அநாதைகளுக்குக் கடைசித் தொட்டி. தயிர் தின்ற கப்பில் அலுமினிய மூடியை முழுதாகக் கிழித்துத் தனியே போட வேண்டும். தீர்ந்த பேட்டரியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கண்ணாடி பாட்டிலுக்குத் தெருமுனையில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று வாய். நீல பாட்டில் பச்சையில் போகும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் கேட்டு ஊர் விழித்துக்கொள்ளுமாம். மார்கழியில் விடிகாலை மைக்செட் கேட்டு வளர்ந்த என் காதுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா!

போன வாரம் கீழ்வீட்டுப் பாட்டி மணியடித்தார். கையில் ஒரு பால் அட்டைப்பெட்டி. இவுக அதைக் காகிதத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, மஞ்சளுக்குத்தான் போக வேண்டும் என்று கால்மணி நேரம் வகுப்பெடுத்தார். பெட்டி எங்களுடையது என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒருமுறை மட்டும் பயன்படும் தண்ணீர், சோடா பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிக்கிறார்கள், நம் காசில் சுமார் 25 ரூபாய். 2003 முதல் இந்த ஏற்பாடு. காலி பாட்டிலைக் கடை எந்திரத்தின் வாயில் கொடுத்தால் சீட்டு வரும், காசு திரும்பும். நசுங்கியிருந்தால் எந்திரம் துப்பிவிடும். நம் நீலகிரியில் உயர் நீதிமன்றம் சொல்லி 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரத் தொடங்கினார்களே, அதே கணக்கு. அங்கே யானைக் காலில் கண்ணாடி குத்தக்கூடாது என்பதற்காக. இங்கே வயதானவர்கள் சிலர் பாட்டில் பொறுக்கித்தான் மாதக் கடைசியை ஓட்டுகிறார்கள். அதனால் விவரமானவர்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள், குப்பைக்குள் அவர்கள் கைவிட வேண்டாமே என்று. பணக்கார ஊரில் இதையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

தொட்டியில் கலப்படம் கண்டால் குப்பை வண்டிக்காரர் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு அப்படியே போய்விடலாம். பிரிப்பது அவர் வேலையில்லை. நம் வீதிக்கு விசில் ஊதிக்கொண்டு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா அப்படிப் போக முடியுமா? மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. நாமோ ஊசிப்போன குழம்பு, உடைந்த டியூப்லைட், தாத்தாவின் ஊசி மருந்துக் குப்பி எல்லாவற்றையும் ஒரே கேரிபேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுகிறோம். அவிழ்ப்பது அந்த அக்காவின் விரல். நம் காரைக்குடி 2024-ல் மாநகராட்சியே ஆகிவிட்டது, முடிச்சுதான் இன்னும் தளரவில்லை.

உங்களைச் சொல்லவில்லை அப்பத்தா. தோல் மாட்டுக்கு, பேப்பர் எடைக்கு, ஹார்லிக்ஸ் பாட்டில் மிளகாய்த்தூளுக்கு. உங்கள் கையிலிருந்து குப்பைக்குப் போவது பல்லி மிட்டாய் காகிதம்கூட இல்லை. கீழ்வீட்டுப் பாட்டியே உங்களிடம் பாடம் கேட்கலாம்.

இன்னொன்று. வேண்டாத மேசை நாற்காலியை இங்கே தேதி வாங்கி வீதியோரம் வைத்துவிடுகிறார்கள். வண்டி வருவதற்குள் பாதியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதே நாட்டுக்காரர்தான் நம்மூர் முனீஸ்வரன் கோவில் வீதிப் பழம்பொருள் கடையில் பழைய எனாமல் சட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்.

ரெண்டாங்கட்டு அறையை ஒழிக்கப்போவதாக ஆத்தா சொன்னாள். அந்த நீல எனாமல் தூக்கை மட்டும் எனக்கு எடுத்து வையுங்கள். விற்றுவிட்டால் அதை இங்கே யூரோ கொடுத்துத்தான் வாங்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி