இரண்டாவது ஆள் வருவதற்குள்...

(இந்த வாரக் கேள்வி-பதில்: கூடைப்பந்து ஸ்பெஷல்)

கேள்வி: ஸ்டாருக்கும் சூப்பர்ஸ்டாருக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், ராஜபாளையம்

ஸ்டாரைத் தடுக்க இரண்டு பேர் வேண்டும். சூப்பர்ஸ்டாரை இரண்டு பேர் தடுக்கப் போனால், இந்தப் பக்கம் இன்னொருவர் பாஸ்கெட் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பார்.

கேள்வி: யார் அதிகம் புள்ளி எடுக்கிறாரோ அவர்தானே சூப்பர்ஸ்டார்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?
– வங்கி ஊழியர், ஸ்ரீவில்லிபுத்தூர்

நிறைய இருக்கிறது. 1962 மார்ச் 2-ம் தேதி வில்ட் சேம்பர்லின் ஒரே மேட்சில் 100 புள்ளி எடுத்தார். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் அந்த ஆண்டுக் கோப்பையைத் தூக்கியது பில் ரஸ்ஸலின் பாஸ்டன் அணி. ரஸ்ஸல் ஒரு சீசனில்கூட சராசரியாக 20 புள்ளியை எட்டியதில்லை. 13 சீசனில் 11 கோப்பை! எதிரணி அடிக்கிற பந்தைத் தட்டுவார், தட்டிய பந்தும் வெளியே போகாமல் தன் ஆள் கைக்கே போகும்படி தட்டுவார். வில்ட்டும் சூப்பர்ஸ்டார்தான், மறுக்கவில்லை. ஆனால் புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தால் ரஸ்ஸலை ஓரம் கட்டிவிடுவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1997 ஃபைனல், ஆறாவது மேட்ச். சிகாகோ 86, யூட்டா 86. சில நொடிகளே பாக்கி. பந்து சிகாகோவின் மைக்கேல் ஜோர்டானுக்குத்தான் போகும் என்பது கேலரியின் கடைசி வரிசைக்குக்கூடத் தெரியும். டைம் அவுட்டிலேயே அவர் தன் அணியின் ஸ்டீவ் கெர்ரிடம் சொல்லிவைத்துவிட்டார்: உன்னைக் காவல் காக்கும் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்னிடம் வருவான், தயாராக இரு என்று. அப்படியே நடந்தது. இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் ஜோர்டான் கையில் பந்து இல்லை. கெர் எழும்பிப் போட்டார், விழுந்தது, கோப்பை வந்தது. அன்று ஜோர்டான் எடுத்தது 39 புள்ளி. நாற்பதாக்கிக்கொள்ள நினைக்காமல் கெர்ருக்குக் கொடுத்தாரே, அந்தப் பாஸுக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: பையன் ஐந்தரை அடிதான். 'உயரம் பத்தாது, வேற கேம் பாரு' என்கிறார்கள். விட்டுவிடலாமா?
– ஒரு தந்தை, மம்சாபுரம்

விடாதீர்கள். மக்சி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார். குள்ளமாக இருந்ததால் குனிய வேண்டிய அவசியமே இல்லாமல் எதிராளியின் டிரிபிளைத் தட்டிப் பறித்தார். அவரை சூப்பர்ஸ்டார் என்று சொல்ல மாட்டேன். அருமையான பாயிண்ட் கார்டு. சூப்பர்ஸ்டார்தான் வேண்டும் என்றால் ஆலன் ஐவர்சன்: ஆறடி, 2001-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்.

ரிங் எல்லோருக்கும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. அதன் விட்டம் 45 சென்டிமீட்டர். பந்து சுமார் 24. கிட்டத்தட்ட இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழையும். பையனை தினமும் ஃப்ரீ த்ரோ லைனில் நிற்கச் சொல்லுங்கள். அங்கே யாரும் கையைத் தூக்கித் தடுக்க மாட்டார்கள், உயரம் ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: அப்படியானால் உயரத்தால் பயனே இல்லையா?
– பள்ளி மாணவி, சத்திரப்பட்டி

உண்டம்மா, நிறைய உண்டு. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம். அவர் ஆடியது கூடைப்பந்துக்கு உடன்பிறப்பான நெட்பால். 2018-ல் இலங்கை ஆசியக் கோப்பையை வென்றபோது கோல் வளையத்தின் அடியில் நின்றவர் அவர்தான். ஆனால் நெட்பாலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. அவ்வளவு உயரத்துக்கு யாராவது சரியாகத் தூக்கிப் போட்டால்தான் அவர் பிடிக்கவே முடியும். உயரத்தை அந்த அணி பழகிப் பழகி ஆயுதமாக்கியது.

கேள்வி: மேட்ச் அன்றைக்கு மகளுக்குப் பால்கோவா கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஸ்ரீவில்லிபுத்தூர்

மேட்சுக்கு முன்னால் வேண்டாம், வயிறு கனக்கும். முடிந்ததும் கொடுங்கள். தோற்றால் இரண்டு ஸ்பூன் கூடுதலாக.

கேள்வி: எப்போதும் அமெரிக்கா கதைதானா? நம் ஊரில் சூப்பர்ஸ்டார் என்று யாரையாவது காட்டுங்கள் பார்ப்போம்!
– மில் தொழிலாளி, ராஜபாளையம்

அனிதா பால்துரை. சென்னைப் பெண், தெற்கு ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடியவர். 2021-ல் பத்மஸ்ரீ.

இதையெல்லாம் விட என்னை அசைத்தது 2017. ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு மறுபடி ஷூ கட்டி இந்திய அணிக்குத் திரும்பினார். எழுதுவது சுலபம். பிரசவத்துக்குப் பிறகு முழங்காலும் இடுப்பும் பழைய வேகத்துக்கு வர எவ்வளவு நாள் ஆகும், அதற்குள் அந்த இடத்துக்கு எத்தனை இளம் பெண்கள் போட்டி போடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' டிவிஷன் ஃபைனலில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்து மேல் டிவிஷனுக்குப் போனது. இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த மாதிரி கடைசி நிமிடத்தில் கை நடுங்காத ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்தால் இளையவர்களுக்கு எவ்வளவு தைரியம்!

அவர் முகம் நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட்டில் ரிசர்வ் ஆளைக்கூட அடையாளம் சொல்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

கேள்வி: இந்த விளையாட்டு சோறு போடுமா?
– அதே மில் தொழிலாளி

போடும், சம்பளமாக. லீக் காசாக இல்லை. இந்தியாவில் யூ.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் 2015-ல் வந்தது, சில சீசனிலேயே நின்றுபோனது. நம் ஆட்டக்காரர்களைக் காப்பாற்றுவது டிபார்ட்மென்ட் டீம்கள்தான்: ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை, சுங்கத் துறை. வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆபீஸ் ஃபைலுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே 2022-ல் சென்னை தேசியச் சாம்பியன்ஷிப் ஃபைனலில் பஞ்சாபை வீழ்த்தியது தமிழ்நாட்டு ஆண்கள் அணி. இவர்களுக்கு நிலையான லீக் ஒன்று அமைந்தால் எங்கே போவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: கோப்பை ஜெயிக்காதவர் சூப்பர்ஸ்டார் ஆகலாமா?
– ஆசிரியர், கிருஷ்ணன்கோவில்

தாராளமாக. 1969 என்.பி.ஏ. ஃபைனலில் ஜெர்ரி வெஸ்ட்டின் அணி தோற்றது. சிறந்த ஆட்டக்காரர் விருது வெஸ்ட்டுக்கே. தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

கேள்வி: மே மாதம் பெரியகுளம் அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம் என்றிருக்கிறோம். யாரைப் பார்ப்பது?
– நண்பர்கள் குழு, சேத்தூர்

சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவதுதானே? கட்டாயம் போங்கள். பந்து வைத்திருப்பவரை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பந்து இல்லாத ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டாளிக்காக ஸ்க்ரீன் வைத்து நெஞ்சில் இடி வாங்குகிறாரா? அடுத்தவர் சுலபமான லே-அப்பைக் கோட்டை விட்டால் கையை விரித்துக் காட்டுகிறாரா, இல்லை முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டிஃபென்சுக்கு ஓடுகிறாரா? நாலாவது குவார்ட்டரில் அதே ஆளுக்கே மறுபடி பாஸ் கொடுக்கிறாரா? கொடுத்தால் அவர் ஜெர்சி நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள்.